ஷெகினா: யூத மறைஞானம் கண்ட பெண்முகம்

வெள்ளிக்கிழமை மாலை, சூரியன் இறங்கும் நேரத்தில், யூதத் தொழுகைக்கூடங்களில் 'லெகா தோதி' என்ற பாட்டைப் பாடுவார்கள். 'என் அன்பனே வா, மணப்பெண்ணை எதிர்கொண்டு அழைப்போம்' என்பது அதன் பல்லவி. கடைசிச் சரணம் வந்ததும் எல்லோரும் எழுந்து வாசல் பக்கமாகத் திரும்பி, யாரோ ஒருத்தி உள்ளே வருவதுபோல் தலை தாழ்த்துவார்கள். 'வா மணமகளே, வா மணமகளே!'

யார் அந்த மணமகள்? பொதுவாகக் கேட்டால் 'சபாத்' என்பார்கள். வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு வரை நீளும் ஓய்வுநாள்தான் சபாத். யூத மறைஞான மரபான கபாலாவில் ஊறிய ஒருவரைக் கேட்டால் இன்னொரு பெயரும் சொல்வார்: ஷெகினா. கடவுளின் பெண் அம்சம்.

புதிதாக வருபவர்கள் திகைப்பது இங்கேதான். ஒரே கடவுள், அவருக்கு உருவம் கிடையாது, சிலை கூடவே கூடாது என்று இத்தனை நூற்றாண்டுகளாக அடித்துச் சொல்லும் மதம் இது. அதற்குள் ஒரு மணமகள், ஒரு தாய், ஒரு அரசி எப்படி வந்தார்கள்? நமக்கு உடனே சிவனும் சக்தியும் நினைவுக்கு வருவார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: ஷெகினாவுக்குத் தனிக் கோயில் கிடையாது, உருவம் கிடையாது, அவளுக்கென்று தனி வழிபாடும் மரபில் இல்லை. 'தேவி' என்று சட்டென்று மொழிபெயர்த்தால் எந்தக் கபாலா ஞானியும் பதறிப்போவார்.

கதை பழையது. விவிலியத்தையே கவனமாகப் படித்தால், பழைய இஸ்ரவேலில் பெண்தெய்வ வழிபாடு இருந்ததை அதைக் கண்டிப்பவர்களின் வாயாலேயே அறியலாம். பொ.ஆ.மு. 7-ஆம் நூற்றாண்டில் யோசியா அரசன் ஜெருசலேம் ஆலயத்தைச் சுத்தப்படுத்தியபோது, அஷேரா என்ற தெய்வத்தின் சின்னத்தை வெளியே எடுத்து எரித்தான் என்று 2 இராஜாக்கள் சொல்கிறது. அவளுக்காகப் பெண்கள் ஆலய வளாகத்திலேயே துணி நெய்துகொண்டிருந்தார்களாம். எரேமியா தீர்க்கதரிசியின் புலம்பல் இன்னும் சுவையானது. பிள்ளைகள் விறகு பொறுக்க, அப்பாக்கள் தீ மூட்ட, பெண்கள் மாவு பிசைந்து 'வானத்து அரசி'க்கு அப்பம் சுடுகிறார்கள் என்று அவர் குமுறுகிறார். பிற்பாடு ஜெருசலேம் விழுந்து எகிப்துக்கு ஓடிப்போன மக்கள் அவரிடமே திருப்பிக் கேட்கிறார்கள்: அவளுக்குத் தூபம் போடுவதை நிறுத்திய நாளிலிருந்துதானே எங்களுக்கு எல்லாம் இல்லாமல் போயிற்று?

மண்ணிலிருந்தும் சாட்சிகள் கிடைத்துள்ளன. 1975-76-இல் சினாய்ப் பாலைவனத்தில் குன்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில், பொ.ஆ.மு. 800-ஐ ஒட்டிய ஜாடிகளின் மேல் 'யாவேயும் அவருடைய அஷேராவும்' என்று ஆசி கூறும் எழுத்துகள் கிடைத்தன (யாவே என்பது இஸ்ரவேலின் கடவுளின் பெயர்). அந்த 'அஷேரா' ஒரு தேவியா, அல்லது வழிபாட்டு மரக்கம்பமா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் சண்டை ஓயவில்லை. எகிப்தில் நைல் நதியின் யானைத்தீவில் (எலஃபன்டைன்) பொ.ஆ.மு. 5-ஆம் நூற்றாண்டில் குடியிருந்த யூதப் படைவீரர்களின் ஆவணம் ஒன்றில், ஒருவர் 'அனாத்-யாஹு' என்ற பெண்தெய்வப் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்கிறார்.

பலர் இங்கிருந்து ஒரே தாவாகத் தாவி, 'அஷேராவே பிறகு ஷெகினாவானாள்' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யோசியா அஷேராவை எரித்ததற்கும் ஷெகினா ஒரு பெண் சக்தியாகத் தெளிவாக வருவதற்கும் நடுவில் ஏறக்குறைய 1,800 ஆண்டுகள் கிடக்கின்றன. பழைய தேவியை ஒழித்துக்கட்டிய மரபு, தன் சொந்த நூல்களை வைத்தே இன்னொரு பெண்முகத்தை மெதுவாகக் கட்டியது என்பதுதான் ஆதாரங்களுக்கு நெருக்கமான கதை.

அந்தக் கட்டுமானத்தின் முதல் கல் ஞானம். எபிரேயத்தில் 'ஹொக்மா'. அந்த மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஆண்பால் அல்லது பெண்பால், ஹொக்மா பெண்பால். நீதிமொழிகள் நூலின் 8-ஆம் அதிகாரத்தில் இவள் ஒரு பெண்ணாகவே எழுந்து நின்று பேசுகிறாள். வழிகள் கூடும் இடத்திலும் நகர வாசலிலும் நின்று வருவோர் போவோரை அழைக்கிறாள். மலைகளும் ஊற்றுகளும் தோன்றுமுன்பே தான் பிறந்தவள் என்கிறாள். கடவுள் வானத்தை விரித்தபோது அருகில் இருந்தவள், நாள்தோறும் அவர் முன்னிலையில் விளையாடி மகிழ்ந்தவள். அடுத்த அதிகாரத்தில் ஏழு தூண்கள் வைத்து வீடு கட்டி, விருந்து சமைத்து, அறிவில்லாதவர்களையெல்லாம் சாப்பிடக் கூப்பிடுகிறாள். வெறும் அணி என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை, அவ்வளவு உயிர் இருக்கிறது.

பொ.ஆ.மு. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெருசலேமில் வாழ்ந்த பென் சிரா என்ற ஆசிரியர், இந்த ஞானப்பெண் உலகெங்கும் சுற்றி, தங்க இடம் தேடி, கடைசியில் சீயோனில், அதாவது ஜெருசலேமில், கூடாரம் அடித்தாள் என்று பாடினார். அவள் வேறு யாருமல்ல, தோராதான் என்றும் முடித்துவிட்டார். தோரா என்றால் மோசேயின் சட்ட நூல். பின்னால் வந்த ரபீக்கள், அதாவது யூத மத ஆசான்கள், இதைப் பிடித்துக்கொண்டார்கள். 'ஆதியாகம ரப்பா' என்ற விளக்க நூல் தொடங்குவதே இப்படித்தான்: கட்டடம் கட்டுபவர் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் கடவுள் தோராவைப் பார்த்து உலகைப் படைத்தார். ஆக, வாசலில் நின்று கூவிய பெண் ஒரு புத்தகமாகிவிட்டாள். அவளைப் படிப்பதே அவளோடு வாழ்வது என்றானது.

இரண்டாவது கல்தான் ஷெகினா. இந்தச் சொல் விவிலியத்தில் இல்லை. 'தங்குதல், குடியிருத்தல்' என்ற வேரிலிருந்து ரபீக்கள் உருவாக்கியது. 'நான் அவர்கள் நடுவில் தங்கும்படி எனக்கு ஒரு பரிசுத்த இடத்தைக் கட்டுவார்களாக' என்று யாத்திராகமத்தில் கடவுள் சொல்கிறாரே, அந்தத் தங்குதல். இலக்கணப்படி இதுவும் பெண்பால்.

தல்மூத் (ரபீக்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் சேர்ந்த பெருந்தொகுப்பு) காலத்து ரபீக்களுக்கு ஷெகினா தனி ஆளுமை கிடையாது. எங்கும் நிறைந்த கடவுள் ஓரிடத்தில் நெருக்கமாக உணரப்படுவதைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லை அவர்கள் கையாண்ட விதத்தில் ஒரு கனிவு இருக்கிறது. இருவர் உட்கார்ந்து தோரா பேசினால் அவர்கள் நடுவில் ஷெகினா இருக்கிறாள். நோயாளியின் தலைமாட்டில் ஷெகினா இருக்கிறாள். கணவனும் மனைவியும் தகுதியோடு வாழ்ந்தால் இருவருக்கும் இடையே ஷெகினா. ரபீ யோசேப்பு என்பவர் தன் தாயின் காலடி ஓசை கேட்டதும், 'வருகிற ஷெகினாவுக்கு எழுந்து நிற்கிறேன்' என்பாராம். எனக்குப் பிடித்த இடம் இது. பெரிய தத்துவம் எதையும் துணைக்கு அழைக்காமல், ஒரு மகன் எழுந்து நிற்பதில் எல்லாம் வந்துவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது தல்மூத்தின் மெகில்லா என்ற பகுதியில் வரும் கூற்று. இஸ்ரவேலர் எங்கெல்லாம் நாடு கடத்தப்பட்டார்களோ அங்கெல்லாம் ஷெகினாவும் கூடவே போனாள்: எகிப்துக்குப் போனார்கள், அவளும் போனாள், பாபிலோனுக்குப் போனார்கள், அவளும் போனாள். பொ.ஆ. 70-இல் ரோமானியர் ஆலயத்தை இடித்தபின் நிலமும் கோயிலும் இல்லாமல் போன மக்களுக்கு இந்த ஒரு வரி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பிற்காலக் கபாலா முழுவதும் இந்த வரியிலிருந்துதான் கிளம்புகிறது என்றாலும் பெரிய மிகையில்லை.

இடைக்காலத் தத்துவவாதிகளுக்கு இதெல்லாம் சங்கடமாக இருந்தது. 10-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் வாழ்ந்த சாதியா காவோன், ஷெகினா என்பது கடவுள் படைத்த ஓர் ஒளி, கடவுளே அல்ல என்று பிரித்து வைத்தார். 12-ஆம் நூற்றாண்டின் மைமோனிதீஸும் ஏறக்குறைய அதே வழிதான். கடவுளின் ஒருமைக்கு எந்தக் கீறலும் விழக் கூடாது என்பது அவர்கள் கவலை.

சரி, கீறலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் தெற்குப் பிரான்ஸில் இருந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே 'பஹீர்' என்ற சிறு நூல் வெளிப்பட்டது. அரசன், அவன் மகள், அவள் கல்யாணம் என்று உவமை உவமையாகப் பேசும் விசித்திரமான நூல். இதில்தான் ஷெகினா முதன்முறையாகக் கடவுளுக்குள்ளேயே இருக்கும் ஒரு பெண் சக்தியாகத் தெளிவாக வருகிறாள். ஏன் அப்போது, ஏன் அங்கே? யூத மறைஞான ஆய்வைத் தனித்துறையாக நிறுவிய கெர்ஷோம் ஷோலெம், கிறிஸ்தவத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் இருந்த ஞானவாதக் (Gnostic) குழுக்களின் கருத்துகள் மறைவாக வந்து சேர்ந்திருக்கலாம் என்றார். பீட்டர் ஷேஃபர், ஆர்தர் கிரீன் போன்ற அடுத்த தலைமுறையினர், அதே நூற்றாண்டில் அதே ஊர்களில் கிறிஸ்தவர்களிடையே பொங்கிய மரியாள் பக்தியைச் சுட்டினார்கள். தெருவில் எதிர்ப்படும் பக்தி பக்கத்து வீட்டுக்காரர் மனதில் எதையும் கிளப்பாது என்பது நம்பும்படியாக இல்லை. எனக்கு இரண்டாவது விளக்கமே சரியாகப் படுகிறது.

அடுத்த நூற்றாண்டில், 1280-களை ஒட்டி, ஸ்பெயினின் கஸ்தீலியாவில் கபாலாவின் பெருநூலான 'ஸோஹர்' வெளிவந்தது. அரமேய மொழி; பேசுபவர் 2-ஆம் நூற்றாண்டு ரபீ ஷிமோன் பார் யோஹாய். அதை ஊருக்கு வழங்கியவர் மோசே தெ லியோன். அவர் 1305-இல் இறந்தபின், மூலச்சுவடி எதுவும் இல்லை, என் கணவர் தன் மண்டையிலிருந்தே எழுதினார் என்று அவர் மனைவி சொன்னதாக ஒரு செய்தி உண்டு. இன்றைய ஆய்வாளர்கள் அவரையும் அவரைச் சுற்றியிருந்த வட்டத்தையும்தான் ஆசிரியர்களாகக் கருதுகிறார்கள். மரபுவழி நம்பிக்கையாளர்களுக்கோ அது ரபீ ஷிமோனின் நூலேதான்.

ஸோஹரைப் புரிந்துகொள்ள 'செஃபிரோத்' என்ற ஏற்பாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கடவுளின் உள்ளாழம் 'ஏன் ஸோஃப்', அதாவது எல்லையற்றது. அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆணா பெண்ணா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. அந்த எல்லையற்றது பத்து நிலைகளாக வெளிப்படுகிறது. பத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. நமக்கு இப்போது வேண்டியவை மேலிருந்து இரண்டாவதான ஹொக்மா, மூன்றாவதான பினா, கடைசியான மல்குத். இந்த மல்குத்துக்கு 'அரசு' என்று பொருள், இதுவே ஷெகினா.

இங்கேதான் எதிர்பாராத திருப்பம். நீதிமொழிகளில் பெண்ணாக நின்று கூவிய ஹொக்மா, கபாலாவில் 'அப்பா' ஆகிவிடுகிறது. முதல் புள்ளி, விதை, தந்தை. அந்தப் புள்ளியைச் சுற்றி எழும் அரண்மனை பினா, அதாவது பகுத்தறியும் ஆற்றல், அவள்தான் தாய். விதையை வாங்கிக் கருவில் வளர்த்து, கீழே உள்ள ஏழு நிலைகளையும் பெற்றெடுப்பவள் அவள். மனம் திரும்பி வருபவர் போய்ச் சேருமிடமும் பினாதான். தாயின் மடிக்குத் திரும்புவதாகவே அதைச் சொல்வார்கள். யூத மறைஞானத்தில் 'ஞானத் தேவி'யைத் தேடி வருபவர்கள் ஹொக்மா என்ற பெயரைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெயரைப் பின்தொடர்ந்தால் தந்தையிடம் போய்ச் சேருவீர்கள். பெண்மையைத் தேடினால் மேலே பினாவையும் கீழே ஷெகினாவையும் பார்க்க வேண்டும்.

பழைய ஞானப்பெண் முழுதாக மறைந்துவிடவும் இல்லை. ஷெகினாவுக்குக் கபாலாவில் 'கீழ் ஞானம்', 'சாலமோனின் ஞானம்' என்ற பெயர்களும் உண்டு. கடவுளின் நான்கெழுத்துப் பெயரையும் ஒரு குடும்பமாகவே படித்தார்கள்: யோத் தந்தை, ஹே தாய், வாவ் மகன், கடைசி ஹே மகள். ஒரே பெயர், நான்கு எழுத்து. ஒரு எழுத்தை உருவினால் பெயரே போய்விடும். தேவி என்று தனியே பிரித்தெடுக்க முடியாது என்று முதலில் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஸோஹரின் ஷெகினாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்துவது கடினம். அவள் நிலவு: சொந்த ஒளியில்லை, சூரியனாகிய 'திஃபெரெத்' என்ற ஆண் நிலையிடமிருந்து வாங்கித் தருகிறாள், தேய்கிறாள், வளர்கிறாள். அவள் கடல்: மேலிருந்து வரும் ஆறுகள் எல்லாம் அவளிடம் சேர்கின்றன. ஆப்பிள் தோட்டம் அவள். அரசனின் துணைவியான 'மத்ரோனிதா' அவள். தன் பிள்ளைகளுக்காக ஆறுதல் கொள்ளாமல் அழும் விவிலியத் தாய் ராகேலும் அவளே. கடவுளின் உலகம் முடிந்து நம் உலகம் தொடங்கும் எல்லையில் நிற்பதால், உள்ளே போக நினைக்கும் எவரும் அவள் வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே அவள் வாசலும்கூட.

அவளுக்குக் கடுமையான முகமும் உண்டு என்பதை இணையத்தில் உலவும் இனிப்பான அறிமுகங்கள் விட்டுவிடுகின்றன. உலகில் பாவம் பெருகும்போது அருளின் ஓட்டம் தடைப்பட்டு, தண்டனையின் ஆற்றல் அவளை நிரப்புகிறது. அப்போது நீதிமொழிகளில் வேறொரு பெண்ணைப் பற்றி வரும் 'அவள் கால்கள் மரணத்துக்கு இறங்கும்' என்ற வரியையே அவளுக்குப் பொருத்திப் படிக்கிறார்கள்.

கபாலாவின் மைய நாடகம் இவளுடைய பிரிவுதான். ஆலயம் இடிந்தபோது அரசனும் அரசியும் பிரிந்தார்கள். அவள் தன் பிள்ளைகளோடு நாடு கடந்து அலைகிறாள். தல்மூத்தில் துணையாக வந்தவள், இங்கே தானே அகதி. அதைவிடத் துணிச்சலானது அடுத்த படி: இந்தப் பிரிவைச் சரிசெய்யும் பொறுப்பு மனிதனுக்கும் உண்டு. ஒருவர் ஏழைக்குக் கொடுக்கும்போதும், சபாத்தைக் காக்கும்போதும், தொழும்போதும் மேலே அந்த இருவரும் ஒரு கணம் சேருகிறார்கள். பாவம் செய்தால் விலகுகிறார்கள். மண்ணிலிருக்கும் மனிதனின் செயல் கடவுளுக்குள்ளேயே மாற்றத்தை உண்டாக்கும் என்றால், மைமோனிதீஸ் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

1492-இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியது. சிதறியவர்களில் பலரும் அவர்கள் வழி வந்தவர்களும் கலிலேயாவின் சிறு மலையூரான சஃபேத்தில் கூடினார்கள். நாடுகடத்தல் அவர்களுக்கு நூலில் படித்த செய்தியாக இருக்கவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் மோசே கொர்தோவேரோ, ஈசாக் லூரியா போன்றோர் அங்கே ஷெகினாவை அன்றாட வாழ்க்கைக்குள் கொண்டுவந்தார்கள். லூரியா 1572-இல், 38 வயதிலேயே, போய்விட்டார். ஆனால் அவர் வட்டத்தின் பழக்கங்கள் யூத உலகெங்கும் பரவின. நள்ளிரவில் எழுந்து, வாசலருகே தரையில் உட்கார்ந்து, தலையில் சாம்பல் தூவி, நாடிழந்த ராகேலுக்காக அழுவது அவற்றில் ஒன்று. எந்தக் கட்டளையை நிறைவேற்றும் முன்பும் 'பரிசுத்தரும் அவருடைய ஷெகினாவும் ஒன்றாகும் பொருட்டு' என்று சொல்லிக்கொள்வது மற்றொன்று.

வெள்ளி மாலைகளில் அவர்கள் ஊருக்கு வெளியே வயல்வெளிக்குப் போய் சபாத் அரசியை வரவேற்றார்கள். தல்மூத்திலேயே இதற்கு விதை உண்டு: ரபீ ஹனினா வெள்ளி மாலை உடுத்திக்கொண்டு 'வாருங்கள், சபாத் அரசியை எதிர்கொள்வோம்' என்பார், ரபீ யன்னாய் 'வா மணமகளே' என்பார். சஃபேத்தின் ஷ்லோமோ அல்கபெத்ஸ் இவற்றை வைத்தே 'லெகா தோதி'யை எழுதினார். சரணங்களின் முதல் எழுத்துகளில் தன் பெயரையும் பொதித்து வைத்தார். வீட்டுக்கு வந்ததும் விருந்துக்கு முன் 'குணவதியான பெண்ணை யார் கண்டடைவார்' என்ற நீதிமொழிப் பாட்டைப் பாடும் வழக்கமும் கபாலாவினர் பரப்பியது. இன்று அதைக் கணவன் மனைவிக்குப் பாடும் பாராட்டாகத்தான் பலர் நினைக்கிறார்கள். கபாலாவினருக்கோ அது ஷெகினாவுக்கான பாட்டு.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. கிறிஸ்தவர்கள் மூன்றை நம்புகிறார்கள், இவர்கள் பத்தை நம்புகிறார்களே என்ற குத்தலை 14-ஆம் நூற்றாண்டு ரபீ ஈசாக் பென் ஷேஷெத் பதிவு செய்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் பிராகா நகரின் தலைமை ரபீ எகெஸ்கேல் லாண்டாவ், 'ஒன்றாகும் பொருட்டு' என்ற அந்தச் சூத்திரத்தைச் சொல்லவே வேண்டாம் என்று கண்டித்தார். கபாலாவினரின் பதில் எப்போதும் ஒன்றுதான்: பத்தும் ஒன்றே, பிரிவு போலத் தெரிவது நம் பக்கத்துக் குறை.

எனக்கு உறுத்தும் கேள்வி வேறு. இத்தனை அழகாகப் பெண்மையைப் பாடிய மரபில், மரபுவழிக் கபாலா நூல் எழுதிய பெண் ஆசிரியரைக் காண முடியாது. எழுதியவர்களும் படித்தவர்களும் ஆண்கள். ஷெகினா பெரும்பாலும் பெற்றுக்கொள்பவளாக, காத்திருப்பவளாக, மீட்கப்பட வேண்டியவளாகவே இருப்பதில் அவர்கள் கண் தெரிகிறது. 1970-களிலிருந்து அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும் யூதப் பெண்கள் அவளைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். மாதப் பிறப்பான அமாவாசையை ஒட்டிப் பெண்கள் கூடும் வழக்கத்துக்குப் புத்துயிர் தந்தார்கள். 'ஆண்டவரே, நீர்' என்று ஆண்பாலில் தொடங்கும் ஆசீர்வாதங்களைப் பெண்பாலில் எழுதிப் பார்த்தார்கள். அவர்களுக்குள்ளேயே வேறு சிலர், ஆண்கள் வரைந்த படத்தை ஏன் மறுபடி சட்டம் போட்டு மாட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். பழமைவழிச் சபைகளோ அந்தப் புது ஆசீர்வாதங்களை ஏற்கவில்லை. அங்கே பிரார்த்தனை நூல் பழைய ஆண்பால் சொற்களிலேயே தொடர்கிறது.